பீமராவ் ஹாலுக்கு ஒரு பூட்டு

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. காலை.

ஒரு தவறு. பெற்றோர் கூட்டம் ஐந்து மணிக்கு என்று குரூப்பில் எல்லாருக்கும் சரியாகத்தான் போட்டேன். அம்மாவிடம் மட்டும் நாலு என்று சொல்லியிருக்கிறேன். பூசைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. இன்னும் திருத்தவில்லை. அம்மா புடவை கட்டிக் கிளம்புவதற்குள் எப்படியும் ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சின்ன விஷயத்திலேயே இப்படி இருக்கிறேன்.

பெலிண்டா பேனாவை மூடி, டைரியைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இது. பகலில் புத்தூரில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் வரவேற்பு மேசை. மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உடற்பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்பு. தினமும் எழுதுங்கள், அன்றைக்கு எதைத் தப்பாகச் செய்தீர்களோ அதை முதலில் எழுதுங்கள் என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். இவள் ஒருத்திதான் அன்றைக்கே கடைக்குப் போய் டைரி வாங்கினாள்.

அடுப்படியிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. காட்டூரில் அந்தத் தெருவில், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பார் கொதிக்கும் மாதா கோயில்காரர் வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"இன்னைக்கும் முருங்கைக்காயா?" என்றார் பிலோமின்ராஜ், குண்டானை எட்டிப் பார்த்து.

"அந்தாளு ஹால்ல பூட்டுத் தொங்கட்டும். அன்னைக்கு இந்த வீட்ல கறி வேகும்" என்றாள் லூர்துராணி. "மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"மாதா கேட்டாங்களா, கறி வேணாம்னு?"

"நான் சொன்னேன். அவங்க கேட்டுக்கிட்டாங்க. நீங்க போய்ச் சட்டைய மாத்துங்க."

கூடத்தில் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள் ஜெஸ்லின். பதின்மூன்று வயது. இடுப்பைச் சுற்றிப் பட்டையாக ஒரு பெல்ட். முகத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்து, யாரோ ஒரு பெண் பளு தூக்குவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தும்போதெல்லாம் இவள் கழுத்து நரம்பும் புடைத்தது.

மாவட்டத் தேர்வுக்கு முந்தின வாரம் அவள் ஸ்ரீரங்கத்துப் பயிற்சி ஹாலில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், கீழ்முதுகு எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருக்கிறது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதையும் போன வாரங்களில் பார்த்தோம். யாரால் விழுந்த விரிசல் என்பதில் அந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பீமராவ் சார். சின்னப் பிள்ளைகளுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிறவர்.

அவரைச் சும்மா விடக்கூடாது என்று அம்மா சொன்னாள். சும்மா விடாமல் இருப்பதற்கான வேலைகளை ஒழுங்காகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தவள் பெலிண்டா.

ஹாலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் எண்களைத் தேடி எடுத்தாள். ஒரு குரூப் தொடங்கினாள். ஜெஸ்லினின் எக்ஸ்ரே படத்தைப் போட்டாள். அதற்குக் கீழே, 'சின்ன வயதில் எடை தூக்கினால் எலும்பு வளர்ச்சி நின்றுவிடும். பிள்ளைகள் குட்டையாகவே போய்விடுவார்கள்' என்று எழுதினாள்.

அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். அளவான எடையும், சரியான முறையும், பக்கத்தில் தெரிந்த ஆளும் இருந்தால் பிள்ளைகள் தூக்கலாம், வளர்ச்சி நிற்காது என்று வகுப்பில் பாடமே நடத்தினார்கள். அந்தப் பாடத்தில் அவள் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருந்தாள். ஆனால் அளவு, முறை என்றெல்லாம் எழுதினால் யார் பயப்படுவார்கள்?

அவளுக்கென்று தனிக் கணக்கும் ஒன்று இருந்தது. அவள் ஏழாவது படிக்கும்போது பீமராவ்தான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். பளு தூக்க வேண்டும் என்று போய் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். "வளர்ற வயசும்மா உனக்கு. இப்ப தூக்கக் கூடாது. ஒல்லிக்குச்சியா வேற இருக்க. ஸ்கோர் எழுது" என்றார். பள்ளி முடிக்கிற வரைக்கும் ஸ்கோர் எழுதினாள். அதே மனிதர் பிற்பாடு ஜெஸ்லினைப் பதினோரு வயதில் இரண்டு கையும் நீட்டி வரவேற்றார். காலம் மாறிடுச்சும்மா, இப்ப எல்லாம் சின்னதுலேயே பழக்கறாங்க என்று சிரித்தார். காலம் மாறும்வரை காத்திருந்தவள் வாசலில் தங்கையின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்றாள் ஜெஸ்லின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "சார்ட்ட என்ன சொல்லப் போற?"

"உள்ளத சொல்லப் போறேன்."

"அவரு ஒண்ணும் பண்ணலக்கா."

"முதுகு உன்னுதா, அவருதா?"

"என்னுது. அதான் நான் சொல்றேன்."

அதற்குள் லூர்துராணி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். கல்யாண வீட்டுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் அவள் கிளம்பியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவை ஜெஸ்லினுக்குத் துணை வைத்துவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தார்கள். பாலத்தில் ஏறியதும் பிலோமின்ராஜ் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

"முக்கொம்பு அணைலேர்ந்து தண்ணி நல்லா விட்டிருக்கான்" என்றார்.

"அந்தாள இதுல தூக்கிப் போடணும்" என்றாள் லூர்துராணி. "நீச்சல் தெரியுமா அவருக்கு?"

"தெரியும். ஸ்கூல்ல நீச்சலும் அவருதான் சொல்லிக்குடுத்தாரு" என்றாள் பெலிண்டா.

"அப்ப வேணாம்."

கீழ அடையவளஞ்சான் வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஹால். படிக்கட்டில் ஒரு செருப்புக்கூட இல்லை.

"எங்கடி ஒருத்தரையும் காணோம்?"

"கூட்டம் அஞ்சு மணிக்கும்மா. உங்கிட்ட தப்பா சொல்லிட்டேன்."

"நான் பழைய சோறு மாதிரி இங்க ஒரு மணி நேரம் உக்காந்திருக்கணுமா?" என்ற லூர்துராணி, கடைக்காரர் போட்ட நாற்காலியில் கோபமாகவே உட்கார்ந்தாள். பிலோமின்ராஜ் டீ வாங்கப் போனார். பெலிண்டா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஆதாரத்துக்குப் படங்கள் வேண்டும். அதைச் செய்ய இந்த ஒரு மணி நேரம் வசதிதான் என்று நினைத்தாள்.

உள்ளே ஆறேழு பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூங்கில் குச்சி, அவ்வளவுதான். பீமராவ் ஒரு பையனுக்குப் பின்னால் குந்தி, அவன் குதிகால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"வாம்மா பெலிண்டா" என்று எழுந்தார். "ஜெஸ்லின் எப்படி இருக்கா? வந்து பாக்கலாமான்னு உங்கப்பாவுக்கு ரெண்டு மூணு தடவ போன் போட்டேன்."

"தெரியும் சார். வேணும்னுதான் எடுக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "கொஞ்சம் உக்காரு. இவங்களை முடிச்சிட்டு வரேன்."

அவள் உட்காரவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த இரும்புத் தட்டுகளைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். தரையில் இருப்பதை எடுத்தால் பெரிதாகத் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஐந்து என்று எழுதியிருந்த ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

ஒரு கையிலேயே வந்துவிட்டது.

அவள் எதிர்பார்த்தது அதுவல்ல. தட்டைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு தடிமன். நடுத் துளையைச் சுற்றியும் தடிமன். இரண்டுக்கும் இடையில் சாப்பாட்டுத் தட்டைப் போலக் குழிந்து, இரும்பு மெலிந்திருந்தது. முன்பக்கமும் அப்படித்தான்.

வீட்டிலும் ஐந்து என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய தட்டுகள் இருந்தன. கட்டிலுக்கு அடியில். கூட்டும்போது அவற்றை நகர்த்த அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். நகர்த்திவிட்டு இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் நிற்பாள்.

அவை அப்பா செய்தவை. பிலோமின்ராஜுக்குத் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் வெட்டும் பட்டறையில் வேலை. வார நாட்களில் காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை பிள்ளையை அலைக்கழிக்க முடியாது, வீட்டிலேயே பழகட்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை இதே ஹாலில், இதே தட்டை நாளிதழ் மேல் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டார். விளிம்பின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டார். பட்டறையில் மிஞ்சிய பாய்லர் தகட்டில் அதே வட்டம், அதே கனம். வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்து, "அச்சு அசல்" என்றார்.

அச்சு அசல்தான். குழி ஒன்றைத் தவிர. அந்த இடமெல்லாம் முழு இரும்பு.

எடை போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து கிலோ தட்டைப் பார்த்துச் செய்தது ஐந்து கிலோவாகத்தானே இருக்கும். பார் கம்பிக்கு ஒரு குழாய், பக்கத்துக்கு இரண்டு தட்டு. பிலோமின்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்து "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று உற்சாகப்படுத்த, ஜெஸ்லின் மாதக்கணக்கில் தினமும் தூக்கினாள். "ஹால்ல தூக்கறப்ப என்னமோ லேசா இருக்குக்கா" என்று ஒருமுறை சொன்னாள். பெருமையடிக்கிறாள் என்று பெலிண்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீமராவ் சாரும், பிள்ளை தேறிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்.

தட்டை இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

கோபம் வடிந்துவிடும் என்று எதிர்பார்த்தாள். வடியவில்லை. இத்தனை நாள் இந்த மனிதரின் முகத்தை வைத்துத்தான் அதை வளர்த்திருந்தாள். அந்த இடத்தில் அப்பாவின் முகத்தை வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

கீழே செருப்புச் சத்தங்கள் கேட்டன.

பெற்றோர் வந்து தரையில் விரித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். பாத்திரக் கடைக்காரரும் வந்தார். கட்டடம் அவருடையது. "எனக்கு வம்பு வேண்டாங்க. பெத்தவங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

லூர்துராணி எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம்பொண்ணு இன்னைக்குக் குனிஞ்சு ஒரு செம்பு எடுக்க முடியாது. பதிமூணு வயசு. அவ முதுக ஒடிச்சவங்க யாரா இருந்தாலும் நான் விட மாட்டேன். உங்க பிள்ளைங்களுக்கும் இது வரட்டும்னு காத்திருக்கப் போறீங்களா?"

ஷரபுன்னிசா என்ற அம்மா தயங்கித் தயங்கிப் பேசினாள். அவள் மகள் ரிஃபானா ஜெஸ்லினின் சிநேகிதி. "எங்க ரிஃபானா இங்க வந்தப்பறம்தான் நிமிர்ந்து நடக்கறா. முன்னல்லாம் யாராவது பாத்தாலே தோளைக் குறுக்கிக்குவா. ஆனா வளர்ச்சி நின்னுடும்னு இந்தப் பொண்ணு போட்டுச்சே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. அவ ஏற்கனவே குட்டை. நாளைக்கு நிக்காஹ் பேசறப்ப யாரு பதில் சொல்றது? அவ அத்தா துபாய்லேர்ந்து தினம் போன் பண்ணித் திட்டறாரு."

பெலிண்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல கண்ணுங்கருத்துமாத்தான் பழக்கினேன்" என்று பிலோமின்ராஜ் எழுந்தார். "நானே தட்டு செஞ்சு குடுத்து, நானே பக்கத்துல உக்காந்து. அஞ்சு கிலோவுக்கு மேல ஒரு தட்டு கிடையாது. ஒரு நாள் முதுகு வலின்னு சொன்னதில்ல. இங்க வந்துதான் விழுந்தா."

பீமராவ் நிமிர்ந்தார். "தட்டா? வீட்ல குச்சி மட்டுந்தான்னு அன்னைக்கே சொன்னேனே. என்ன தட்டு?"

"மாத்திப் பேசாதீங்க" என்றாள் லூர்துராணி. "பழிய எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பீமராவ் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தப் பார்த்து, முடியாமல், பெலிண்டாவின் பக்கம் திரும்பினார்.

"பெலிண்டா. நீ இதையே படிக்கிற பொண்ணு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொல்லும்மா. சின்னப் பிள்ளைங்க தூக்கலாமா, கூடாதா?"

ஒரு வார்த்தை போதும். தூக்கலாம் சார், எங்க வீட்டுத் தட்டுலதான் தப்பு. அது அவள் நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் அப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூடாது சார்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. ஏழாவதுல. வளர்ற வயசு, இப்ப தூக்கக் கூடாது, ஸ்கோர் எழுதுன்னு. மறந்துட்டீங்களா?"

ஜமக்காளத்தில் சலசலப்பு எழுந்தது. பீமராவ் பிள்ளைகளிடம், "குச்சியெல்லாம் ஓரமா வைங்கப்பா" என்றார். அவரே போய் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

கடைக்காரர் பூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். புதுப் பூட்டு. கடையிலேயே விற்பது.

படி இறங்கும்போது பெலிண்டாவுக்கு நெஞ்சுக்குள் இனித்தது. இத்தனை வருடம் கழித்து அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. படிகள் முடிந்து வெயிலில் கால் வைத்தபோது, ஷரபுன்னிசா தன் மகளின் தலையில் கை வைத்து உயரம் பார்ப்பது கண்ணில் பட்டது. இனிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

காட்டூரில் இறங்கியதும் லூர்துராணி நேராகக் கறிக்கடைக்குப் போனாள். "நல்ல எலும்பாப் பாத்துப் போடுங்க. இன்னைக்கு எங்க வீட்ல விசேஷம்" என்றாள்.

அவர்களுக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. ரிஃபானா போனில் சொல்லிவிட்டாள். ஜெஸ்லின் அழவில்லை. சுவரில் சாய்ந்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

"குரூப்ல போட்டது நீதானக்கா?"

"ஆமா."

"கூடாதுன்னு சொன்னதும் நீதான்?"

"ஆமா, பாப்பா."

"சரி. நான் தூக்கிக் காட்டறேன். ஒரு நாள் உன் வகுப்புல எல்லார் முன்னாடியும் என் பேரைப் பேப்பர்ல வாசிப்ப. அன்னைக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பேன். அதுவரைக்கும் எங்கூடப் பேசாத."

அம்மாவின் அதே குரல். அதே நிறுத்தி நிறுத்திப் பேசும் விதம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜெஸ்லின் அப்பாவிடம் மட்டும் பேசினாள்.

"அப்பா, ஹால் இல்லேன்னா எனக்கு என்ன? பெல்ட்டக் கழட்டற அன்னைக்கே வீட்ல ஆரம்பிச்சுடுவேன். நம்ம தட்டுதான் கட்டிலுக்குக் கீழ இருக்கே."

பிலோமின்ராஜின் முகம் மலர்ந்தது. "அதான எம்பொண்ணு. இன்னும் ரெண்டு தட்டு சேத்து வெட்டித் தரேன். இந்தத் தடவ பெருசா, பத்துன்னு எழுதி."

"பிள்ளைங்க தூக்கக் கூடாதுன்னு இப்பத்தானம்மா பேசிட்டு வந்தோம்?" என்றாள் பெலிண்டா.

"வெளியாளுகிட்ட கூடாது" என்றாள் லூர்துராணி. "பெத்த அப்பா பக்கத்துல உக்காந்து பழக்கினா என்ன ஆகப் போகுது? அவரென்ன அந்தாளு மாதிரியா?" ஒரு நல்லி எலும்பைத் தேடி எடுத்துக் கணவர் தட்டில் வைத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பெலிண்டா வாயைத் திறந்தாள். அப்பா எலும்பை உறிஞ்சியபடி, காற்றில் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டு ஜெஸ்லினுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பெலிண்டா வாயை மூடிக்கொண்டு எழுந்து கை கழுவினாள்.

அதே ஞாயிறு. இரவு.

பீமராவ் சார் மேல் தப்பில்லை என்று கூட்டம் தொடங்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூடாது என்றேன். அப்பாவைக் காப்பாற்றச் சொன்னேனா, சாரைப் பழிவாங்கச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்பா எனக்குச் சாக்கு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெஸ்லின் மறுபடியும் அந்த வீட்டுத் தட்டையே தூக்குவாள். வாயைத் திறந்தால், முதுகை ஒடித்தவரை விட மாட்டேன் என்று ஊரறியச் சொன்ன அம்மா, அப்பாவை என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

நாளை: அப்பா வேலைக்குக் கிளம்பும் முன், கட்டிலுக்கு அடியில் இருக்கும் தட்டு ஒன்றை தெருமுனை அரிசிக் கடைத் தராசில் வைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜெஸ்லினையும் மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.